நாற்பதை நெருங்கும்போது குங்ஃபூ: விங் சுன் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் வகுப்பு ஒன்றரை மணி நேரம். அதில் மாஸ்டர் என்னிடம் சொன்னது ஒரே சொல்: "தோள்." இரண்டு விரல்களால் என் வலது தோளைத் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். நான் இறக்குவேன். கையை நீட்டியதும் அது மறுபடியும் காதை நோக்கி ஏறிவிடும். பதினைந்து ஆண்டுகள் கணினி முன் உட்கார்ந்து மவுஸைப் பிடித்த தோள் அது. எந்த வேலையைச் சொன்னாலும் முதல் ஆளாக எழுந்து நிற்கும். அப்போது எனக்கு வயது 38.

அந்த வயதை ஒட்டி, முன்னோ பின்னோ, குங்ஃபூ கற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குங்ஃபூ என்பது ஒரே கலை அல்ல. பல நூறு சீனச் சண்டை முறைகளுக்கு வெளியுலகம் வைத்த பொதுப்பெயர். சீன மொழியில் அந்தச் சொல்லுக்கு, நாள்பட உழைத்துக் கைவந்த தேர்ச்சி என்றுதான் பொருள். நல்ல சமையல்காரரின் கையிலும் குங்ஃபூ உண்டு என்பார்கள்.

நான் பேசப்போவது அவற்றில் ஒன்றான விங் சுன் பற்றி மட்டும். எனக்குப் பழக்கம் உள்ளது அது ஒன்றில்தான். தவிர, வயது வந்தபின் தொடங்குகிறவருக்கு அது ஏற்றது என்பதற்குக் காரணங்களும் உண்டு. தலைக்கு மேல் உதைக்க வேண்டாம். குட்டிக்கரணம் இல்லை. கால்களைத் தரையோடு விரிக்க வேண்டியதில்லை. வெறுங்கைப் படிவங்கள் மூன்றே மூன்று. படிவம் என்றால், கராத்தேயில் கட்டா என்கிறார்களே, அதுதான்: அசைவுகளை ஒரு வரிசையில் கோத்து வைத்த பாடம்.

"இந்த வயதிலா?" என்று கேட்பவர்களுக்கு நான் இப் சுன்னைக் காட்டுவேன். விங் சுன்னை உலகறியச் செய்த இப் மானின் மூத்த மகன் அவர்; 1924இல் பிறந்தவர். சிறுவயதில் கொஞ்சம் தொட்டுவிட்டு விட்டவர், முறையாகக் கற்கத் தொடங்கியது 1962இல் ஹாங்காங்குக்கு வந்து தந்தையுடன் சேர்ந்த பிறகு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 38. பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கச் சென்று சொல்லிக்கொடுத்தார்.

கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கதை

வகுப்பில் சேர்ந்ததும் ஒரு கதை சொல்வார்கள். ஷாவ்லின் மடம் எரிக்கப்பட்டபோது தப்பிய இங் மூய் என்ற பெண் துறவி, ஓர் ஊர் ரவுடியின் தொல்லைக்கு ஆளான யிம் விங் சுன் என்ற பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கலை என்று. அழகான கதை; சான்று கிடையாது. தென்சீனாவின் குவாங்துங் பகுதியில் சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகப் போன நாடகக் கலைஞர்களிடம் இது இருந்தது என்பது அடுத்த அடுக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஃபோஷான் நகரத்து வைத்தியர் லியுங் ஜானிடம் வரும்போதுதான் காலடியில் கெட்டியான மண் தட்டுப்படுகிறது. அவருடைய மாணவர் சான் வா சுன். அவரிடம் கடைசியாகச் சேர்ந்த சிறுவன் இப் மான் (1893–1972).

நம்மவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் என்னிடம் கேட்பது போதிதர்மரைப் பற்றி. காஞ்சிபுரத்திலிருந்து போய்க் குங்ஃபூவை உண்டாக்கியவர் அவர்தானே என்று. போதிதர்மர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு; பாரசீகர் என்று சொல்லும் இன்னும் ஒன்றும் உண்டு. ஆனால் அவரைச் சண்டைக் கலையோடு முடிச்சுப் போடுவது 'யிஜின் ஜிங்' என்ற, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நூலிலிருந்து கிளம்பிய பேச்சு. அந்த நூலின் பழைய முன்னுரைகள் போலி என்று சீன அறிஞர்களே காட்டிவிட்டார்கள். போதிதர்மர் தியானம் கொண்டுபோனார் என்று பெருமைப்படுவதற்கே நமக்குப் போதுமான இடம் இருக்கிறது. விங் சுன் வகுப்பில் இந்த வாதத்தைத் தொடங்காதீர்கள். பயிற்சி நேரம்தான் வீணாகும்.

சேர்வதற்கு முன்

நாற்பதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தம் அல்லது சர்க்கரை உள்ளவர்கள், முட்டியிலோ முதுகிலோ பழைய காயம் உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முட்டி, தோள், மணிக்கட்டு ஆகிய மூன்றின் கதையையும் மாஸ்டரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு முறை ஏமாந்தேன். பெயர் வேண்டாம். ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேர்வு, தேர்வுக்குத் தனிக் கட்டணம், ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு நிறத்தில் இடுப்புத் துணி. இரண்டு நிறம் வாங்கிய பிறகும், என் கையை யாராவது பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் என் கையைத் தொடவே இல்லை. வரிசையில் நின்று காற்றில் குத்தினோம், அவ்வளவுதான். நிறத் துணியே தவறு என்று சொல்லவில்லை. இப் மான் காலத்து விங் சுன்னில் அது இருக்கவில்லை, பிற்காலத்தில் சில பள்ளிகள் வைத்துக்கொண்டன. ஆனால் துணிதான் வியாபாரம் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு முழு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாணவர்கள் ஜோடி ஜோடியாக ஒருவரையொருவர் தொட்டுப் பயில்கிறார்களா? மூத்த மாணவர்கள் புதியவர்களை அடித்துக் காட்டி மகிழ்கிறார்களா, அல்லது வேகத்தைக் குறைத்துச் சொல்லித்தருகிறார்களா? மாஸ்டரிடம் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, முறைப்பு வருகிறதா? தொடாமலே ஆளைச் சாய்ப்பேன் என்று யாராவது சொன்னால், செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளுங்கள்.

காணொளியைப் பார்த்து வீட்டிலேயே கற்கலாமா என்றால், முதல் படிவத்தின் வரிசையை வேண்டுமானால் மனப்பாடம் செய்யலாம். அதற்கு மேல் இந்தக் கலை கைவழியாகத்தான் வரும். இன்னொருவரின் முன்கை உங்கள் முன்கையின் மேல் படாமல் விங் சுன் இல்லை.

வகுப்பில் சேர்ந்ததும் வயது வந்தவருக்கு ஒரு சிறு அதிர்ச்சி காத்திருக்கும். நம் ஊரில் எல்லாத் தற்காப்புக் கலை ஆசிரியரும் 'மாஸ்டர்'தான்; சீன முறையில் அவர் சிஃபு. உங்களுக்கு முன் சேர்ந்தவர் சிஹிங், அதாவது அண்ணன். பின்னால் வருபவர் சிதாய், தம்பி. வயது கணக்கில் இல்லை, சேர்ந்த நாள்தான் கணக்கு. என் முதல் சிஹிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். "அங்கிள், முழங்கை வெளியே போகிறது" என்பான். அவன் என்னை அங்கிள் என்க, நான் அவனை அண்ணன் என்க, இரண்டு மாதத்தில் இருவருக்கும் பழகிவிட்டது.

முதல் மூன்று மாதம்: நிற்பது, முதல் படிவம், ஒரு குத்து

நிற்பதிலிருந்து தொடங்குவார்கள். கால்களைச் சேர்த்து நின்று, இரு கைகளையும் முட்டியாக்கி மார்பின் பக்கவாட்டில் இழுத்துவைத்து, முழங்காலை மடக்கி, கால் விரல்களை வெளியே திருப்பி, பிறகு குதிகால்களை வெளியே திருப்ப வேண்டும். இப்போது விரல்கள் சற்று உள்நோக்கியிருக்கும். யி ஜி கிம் யோங் மா என்பது இதன் பெயர். ஆட்டை இடுக்கிப் பிடிக்கும் நிலை என்று பொருள். ஆட்டுக்கு மருந்து புகட்டும்போது அதைத் தொடைகளுக்கு இடையில் எப்படிப் பிடிப்பார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். இறுக்கம் தொடையில், தளர்வு இடுப்புக்கு மேலே. இடுப்பு பின்னால் தள்ளிக்கொண்டிருக்கக் கூடாது.

முட்டியைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான். முட்டிகளைப் பலவந்தமாக உள்ளே நெருக்கினால் மூட்டின் உள்பக்கத்தில் குத்தல் எடுக்கும். பாதத்தைத் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முட்டி அதன் பின்னால் போக வேண்டும். தசை எரிந்தால் தொடர்ந்து நில்லுங்கள். மூட்டு வலித்தால் நிறுத்துங்கள். இந்த ஒரு விதி எல்லாப் படிக்கும் பொருந்தும். முதல் வாரம் இரண்டு நிமிடம் நின்றால் போதும். மூன்றாம் மாத முடிவில் பத்து நிமிடம் பேசிக்கொண்டே நிற்க முடியும்.

அந்த நிலையிலேயே, ஓர் அடிகூட எடுத்துவைக்காமல் செய்யும் படிவம்தான் சியு நிம் தாவ். 'சிறிய எண்ணம்' என்று பெயர். மூன்று பகுதிகள். முதல் பகுதியை மட்டும் மிக மெதுவாகச் செய்ய வேண்டும். கை மார்பிலிருந்து உடலின் நடுக்கோட்டில் முன்னே போகிறது, திரும்பி வருகிறது, மீண்டும் போகிறது. உள்ளங்கை மேல்நோக்கிய கைக்கு 'தான் சாவ்' என்று பெயர். மணிக்கட்டை மடக்கி மேலே அமர்த்துவது ஃபூக் சாவ். ஃபூக் சாவ் மூன்று முறை போய்வருவதால் இந்தப் பகுதிக்கு 'புத்தருக்கு மூன்று வணக்கம்' என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு.

கையை நகர்த்துவது முழங்கை. தள்ளுவது முழங்கை. தோள் வெறும் கீல். எனக்கு இது புரிய ஏழு வாரம் ஆனது. வீட்டில் கண்ணாடி முன் நின்று, இடது கையை வலது தோளின் மேல் வைத்துக்கொண்டு வலது கையை முன்னே அனுப்பிப் பார்த்தேன். கை நகரும்முன்பே தோள் தசை துள்ளியது. அந்தத் துள்ளல் இல்லாமல் கையை நீட்டுவதுதான் முதல் மூன்று மாதத்துப் பாடம் முழுவதும். இளைஞர்களிடம் இல்லாத தடை இது. நமக்கு எதைச் செய்தாலும் பல்லைக் கடித்துச் செய்து பழக்கம். அதைத்தான் உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். விங் சுன் அந்தக் கடியைத்தான் முதலில் கழற்றச் சொல்கிறது. மூச்சை எதனோடும் பொருத்த வேண்டாம், மூக்கு வழியாக இயல்பாக விடுங்கள். அவசரமாகச் செய்தால் முழுப் படிவமும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் பகுதிக்கு மட்டுமே பத்து நிமிடம் கொடுங்கள்.

குத்து: கைமுட்டி செங்குத்தாக, கட்டைவிரல் மேல்பக்கம். சூரியனைக் குறிக்கும் சீன எழுத்து ஒரு செங்குத்துக் கட்டம். அந்த வடிவில் இருப்பதால் சூரிய முட்டி என்பார்கள். மார்பின் நடுவிலிருந்து கிளம்பி நேராகப் போகும். இப் மான் வழியில் கீழ் மூன்று விரல் கணுக்களால் படும்படி சொல்லித்தருவார்கள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு எளிதில் முறியும். ஆகவே மணிக்கட்டு நேராக இருக்கும்வரை கடினமான எதையும் குத்தாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒன்றன்பின் ஒன்றாகக் குத்தும் சங்கிலிக் குத்து பார்க்க ஆசையாக இருக்கும். காற்றில் நூறு, இருநூறு என்று வெடுக்கென முழங்கையை நீட்டி முடித்தால், முழங்கை மூட்டு வீங்கும். எனக்கு வீங்கியது. இரண்டு மாதம் வாளி தூக்க முடியவில்லை. நுனிக்குச் சற்று முன்பே கை தானாக நிற்கட்டும்.

மூன்றாம் மாதத்திலிருந்து ஓராண்டு வரை

இப்போது எதிரில் ஓர் ஆள். வரும் குத்தைத் தட்டிவிட்டு அதே நேரத்தில் குத்தும் பாக் சாவ் பயிற்சி, குதிகாலில் திரும்பும் பயிற்சி, நேராகவும் பக்கவாட்டிலும் அடியெடுத்து வைத்தல். தடுப்பும் அடியும் ஒரே வேளையில் என்பது விங் சுன்னின் அடையாளம். முதலில் தடு, பிறகு அடி என்று இரண்டாகப் பிரித்தால் பாதி நேரம் போய்விட்டது.

ஒற்றைக் கை சி சாவும் (ஒட்டும் கைப் பயிற்சி) இப்போதே வரும். இருவரும் ஒரு கையைத் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒருவருடையது 'தான் சாவ்'. மற்றவருடையது அதன்மேல் ஃபூக் சாவ். முதலாமவர் உள்ளங்கையால் மார்பை நோக்கித் தள்ள, மற்றவர் அதை அமுக்கிவிட்டுக் குத்த, முதலாமவர் முழங்கையை உயர்த்திப் போங் சாவால் திருப்புவார். மறுபடி தொடக்கம். நான்கே அசைவு. போங் சாவில் முழங்கை ஏற வேண்டும், தோள் ஏறக் கூடாது. எழுத எளிது.

சுவர்ப் பையை ஆறு மாதத்துக்குப் பிறகு தொடலாம். தடித்த கான்வாஸில் தைத்த மூன்று அறைகள், சுவரில் மாட்டியிருக்கும். முதலில் பச்சைப் பயறு நிரப்புவார்கள், பிறகு மணல். நம் ஊர் மழைக்காலத்தில் பயறுக்குள் வண்டு வரும்; இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொட்டி வெயிலில் காயப்போடுங்கள். நாளுக்கு ஒரு கைக்கு ஐம்பது குத்து போதும், தோல் கிழிந்தால் ஆறும்வரை நிறுத்தம்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் இருபது நிமிடம். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இதற்கு மேல் கணக்குப் போட்டால் அது மூன்றாம் வாரமே உடையும். நான் காலையில் பால் காய்வதற்குள் முதல் பகுதியைச் செய்துவிடுவேன். ஒன்றிரண்டு முறை பால் பொங்கியிருக்கிறது.

ஒன்றிலிருந்து நான்காம் ஆண்டு வரை: பாலம் தேடுதல், ஒட்டும் கைகள்

இரண்டாம் படிவம் சம் கியு, பாலம் தேடுதல். பாலம் என்பது உங்கள் கை எதிராளியின் கையைத் தொடும் இடம். முதல் படிவத்தில் நின்ற உடல் இங்கே திரும்பவும் நடக்கவும் உதைக்கவும் தொடங்குகிறது. உதை இடுப்புக்கு மேல் போவதில்லை. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வேலை செய்யும். இங்கே பலரும் திணறுவது கையில் அல்ல, திரும்பும்போது எடை எந்தக் காலில் என்பதில். இது பற்றிப் பரம்பரைகளுக்குள்ளேயே சண்டை உண்டு. சிலர் இரு காலிலும் சமமாக என்பார்கள். சிலர் முழுதும் பின்காலில் என்பார்கள். இப் மானிடம் நேரே கற்றவர்களே வேறு வேறாகச் சொல்லித்தந்தார்கள். உங்கள் மாஸ்டர் சொல்வதைச் செய்யுங்கள். ஐந்து ஆண்டு கழித்து மாற்றுக் கருத்து வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

விங் சுன்னின் இதயம் சி சாவ், ஒட்டும் கைகள். இருவரும் இரண்டு கைகளையும் தொட்டு உருட்டுவார்கள்: ஒரு கை தான் சாவுக்கும் போங் சாவுக்கும் மாறிமாறிப் போக, மறு கை ஃபூக் சாவாக எதிராளியின் கைமேல் சவாரி செய்யும். உருட்டும்போதே இடைவெளி தெரிந்தால் அடி உள்ளே நுழையும். கண்ணால் பார்த்து, புரிந்து, கையை ஏவுவதற்குள் காலம் கடந்துவிடும். தோல் உணர்ந்ததும் கை போக வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயிற்சி. ஒரு பழைய கான்டனீஸ் வாய்ப்பாடு உண்டு: வருவதை நிறுத்திவை, போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே பாய். எட்டே சீன எழுத்து. முழுக் கலையும் அதில் அடக்கம் என்பேன்.

வயது வந்தவர்கள் சி சாவில் தோற்பது வலுவால். அடி வாங்கிவிடுவோமோ என்ற நினைப்பு வந்ததும் தோள் ஏறும், முன்கை கம்பியாகும். கம்பியான கையை மூத்தவர் ஒரு விரல் அகலம் திசைதிருப்பினால் போதும். உங்கள் பலம் முழுவதும் அந்தப் பக்கம் ஓடிவிடும், நடு வாசல் திறந்துவிடும். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், என்னைவிடப் பதினைந்து கிலோ எடை குறைந்த ஒரு பெண், என் சிஜெ, அதாவது அக்கா முறை, என்னைச் சுவர்வரை நடத்திக்கொண்டு போனார். எனக்கு எதுவும் தள்ளியதாகவே தெரியவில்லை. "நீங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் சார், நான் போகிற பக்கம் நீங்களும் வந்தீர்கள்" என்றார்.

அதற்கு மருந்து, தோற்க ஒப்புக்கொள்வது. ஒரு மாதம் முழுக்க அடிக்கவே போவதில்லை என்று முடிவுசெய்தேன். உருட்டுவேன், அடி வந்தால் வாங்கிக்கொள்வேன், தோள் ஏறுகிறதா என்று மட்டும் கவனிப்பேன். மூன்றாம் வாரத்தில் அடிகள் குறைந்தன. பலதரப்பட்ட கைகளோடு உருட்டுங்கள்: உயரமானவர், குட்டையானவர், முரடர், புதியவர். ஒரே தோழருடன் ஆண்டுக்கணக்கில் உருட்டினால் இருவரும் ஒரு நடனம் கற்றிருப்பீர்கள்.

சண்டை பற்றி ஒளிக்காமல்

2017இல் ஷூ சியாவ்துங் என்ற கலப்புச் சண்டை வீரர், சீனாவில் ஒரு தைச்சி ஆசிரியரைச் சில விநாடிகளில் வீழ்த்திய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு விங் சுன் பயின்ற ஒருவரும் அவரிடம் திரும்பத் திரும்பக் கீழே விழுந்தார். பாரம்பரியக் கலைக்காரர்கள் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சி சாவ் சண்டை அல்ல. சண்டைக்குள் கைகள் தொடும் ஒரு கணத்துக்கான பயிற்சி. அந்தக் கணத்துக்கு வந்துசேர்வதற்கு முன் தூரத்தைக் கடக்க வேண்டும், முகத்தில் அடி வாங்கியும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அது பழகாமல் வராது.

1950களின் ஹாங்காங்கில் விங் சுன் பெயர் வாங்கியதே மொட்டைமாடிகளில் மற்ற முறைக்காரர்களோடு மோதித்தான். இப் மானின் மாணவர் வோங் சுன் லியுங் அதில் முன்னே நின்றவர். அதே பள்ளியில் பதின்வயதில் பயின்ற புரூஸ் லீ 1959இல் அமெரிக்கா போகும்போது பாடத்திட்டம் முழுவதையும் முடித்திருக்கவில்லை. பிற்பாடு அவர் தம் வழியை வேறாக வகுத்துக்கொண்டதற்கு அமெரிக்காவில் கண்ட மோதல்களும் ஒரு காரணம்.

ஆகவே இரண்டாம் ஆண்டிலிருந்து, பல்காப்பும் கையுறையும் தலைக்கவசமும் அணிந்து, பாதி வேகத்தில் மோதிப் பழகுங்கள். முடிந்தால் குத்துச்சண்டை தெரிந்த ஒருவரோடு. அவருடைய வளைந்த குத்து உங்கள் நேர்க்கோட்டுத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து காதில் விழும்போது நிறையப் புரியும். தலையில் பலமாக அடிபட்ட நாளில் பயிற்சியை அப்போதே நிறுத்திவிடுங்கள். மறுநாள் அலுவலகம் போக வேண்டிய தலை அது. தெருவில் கைபேசியைக் கேட்டு மிரட்டினால் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நான்காம் ஆண்டுக்குப் பின்

மூன்றாம் படிவம் பியு ஜி, பாயும் விரல்கள். 'பியு ஜி வாசலைத் தாண்டாது' என்று பழைய வழக்கு, வெளியாருக்குக் காட்டமாட்டார்கள். நிலை குலைந்தபின், நடுக்கோட்டை இழந்தபின் எப்படி மீள்வது என்பதுதான் இதன் பொருள். முதல் இரண்டு படிவங்கள் தவறு செய்யாதே என்கின்றன. இது, செய்துவிட்டாயா, சரி, இப்படி எழுந்து வா என்கிறது. முழங்கையை மேலிருந்து கீழே இறக்கும் வெட்டுகள் இதில் வரிசையாக வரும். தோள் பழகாமல் இதற்கு வந்தவர்கள் இங்கேதான் தசையைக் கிழித்துக்கொள்கிறார்கள். மாஸ்டர் அவசரப்படாததற்குக் காரணம் ரகசியம் காப்பது அல்ல.

முக் யன் ஜோங் என்பது மரப் பொம்மை: மூன்று கைகள், மடங்கிய ஒரு கால். முன்பு இதைத் தரையில் புதைத்து நிறுத்துவார்கள். ஹாங்காங்கின் அடுக்குமாடியில் புதைக்க ஏது மண்? குறுக்குச் சட்டங்களில் தொங்கவிட்டார்கள். அதனால் அடிக்கும்போது சற்றே அசைந்து பதில் சொல்லும் குணம் அதற்கு வந்துவிட்டது. இப் மான் கடைசியாக வகுத்த வரிசையில் 116 அசைவுகள். புதியவர்கள் அதைப் போட்டு அடித்து முன்கையைக் கருநீலமாக்கிக்கொள்வார்கள். அது அடிப்பதற்கல்ல, அளப்பதற்கு. உங்கள் கோணம் சரியென்றால் கை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். தவறென்றால் மரம் இடிக்கும். எந்தச் சிஹிங்கையும்விட நேர்மையான ஆசான். வீட்டில் வைக்க இடமில்லாதவர்கள், தூண் ஒன்றில் கையை வைத்து அடி எடுத்துவைப்பதையாவது பழகலாம்.

ஆயுதங்கள் இரண்டே. லுக் டிம் பூன் குவன், ஆறரைப் புள்ளிக் கம்பு. பாட் ஜாம் தோ, முன்கை நீளத்து இரட்டைக் கத்தி. கத்தியை முழுதாகக் கற்றுக்கொடுக்க இப் மான் தேர்ந்தெடுத்தவர்கள் மிகச் சிலர். நான் இன்னும் அங்கே போகவில்லை, ஆகவே அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

கம்பு தெரியும். சிலம்பம் பார்த்து வளர்ந்த நமக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். எட்டு அடிக்குக் குறையாது, ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்து, கனமாக இருக்கும். சுழற்ற மாட்டார்கள். 'கம்பு இரண்டு முறை ஒலிக்காது' என்பது அதன் வாய்மொழி: எதிர்க் கம்போடு ஒரே ஒரு மோதல், அந்த மோதலே குத்தாக முடிய வேண்டும். குதிரை ஏறியதுபோல் தாழ்ந்து நிற்க வேண்டியிருப்பதால், ஐம்பதை நெருங்குபவர்கள் பாதி உயரத்தில் நின்றே பழகலாம். என் மாஸ்டர் அனுமதிக்கிறார்.

அடிப்படைப் பயிற்சி, கம்பை நேராக முன்னே குத்தி நிறுத்துவது. அவ்வளவுதான். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நாணயம் அளவுக்கு வட்டம் போட்டு, அதற்கு ஒரு சாண் முன்னால் நுனி வந்து நிற்கும்படி நின்றேன். குத்தினேன். நுனி வட்டத்தைச் சுற்றி ஈ பறப்பதுபோல் நடுங்கியது. இங்கே தோளில் நூல் அளவு இறுக்கம் இருந்தால், அங்கே நுனியில் கையளவு நடுக்கம். மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டு விரல்கள் என் வலது தோளைத் தட்டின. இந்த முறை அவர் அந்தச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை.